சாண்ட்விச்: பிரிட்டன்காரர்களின் கட்டுச்சோறு

பர்மிங்ஹாமுக்குப் படிக்க வந்த முதல் வருடம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன சாண்ட்விச் கடையில் பகுதிநேர வேலை கிடைத்தது. காலை ஐந்தரைக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் வேலை முட்டை. ஐந்து டஜன் முட்டையை அவித்து, ஓடு உரித்து, பொடியாக நறுக்கி, மயோனைஸ் விட்டுப் பிசைந்து வைப்பேன். அதற்குள் பிரெட் வந்து இறங்கிவிடும். முதல் நாள், பிரெட் துண்டுகளை மேசை முழுக்கப் பரப்பி வெண்ணெய் தடவ ஆரம்பித்தேன். நடுவில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மா வந்து என் கையிலிருந்த கத்தியை வாங்கி, ஒரு துண்டின் நான்கு ஓரங்களுக்கும் வெண்ணெயை இழுத்துக் காட்டினார். "ஓரத்தை விட்டுவிட்டால் தடவாத மாதிரிதான்" என்றார். அவர் ருசிக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். விஷயம் அது இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த நாட்களில் அம்மா தினமும் போனில் "மத்தியானம் என்ன சாப்பிட்டே?" என்று கேட்பார். சாண்ட்விச் என்பேன். "அது டிபன். சாப்பாடு என்னன்னு கேட்டேன்" என்பார். இரண்டு துண்டு பிரெட்டை ஒரு நேரச் சாப்பாடாக ஏற்றுக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் இந்த நாட்டில் மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் எந்த அலுவலகத்தில், எந்தப் பள்ளியில், எந்தக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் போய்ப் பார்த்தாலும் கையில் இருப்பது பெரும்பாலும் சாண்ட்விச்தான். இது இங்கே டிபன் இல்லை. இதுதான் சாப்பாடு. எப்படி ஆயிற்று என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் எது சாண்ட்விச் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பிரெட் துண்டு, நடுவில் ஏதாவது ஒன்று. அவ்வளவுதான். நீளமான பிரெஞ்சு ரொட்டியைப் பிளந்து வைத்தால் பேகெட், உருண்டை பன்னைப் பிளந்து வைத்தால் ரோல் அல்லது பாப், மெல்லிய ரொட்டியில் சுருட்டினால் ராப். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் சாண்ட்விச் கணக்கில்தான் சேர்ப்பார்கள். பேச்சில் இதற்குச் செல்லப் பெயர்களும் உண்டு. பொதுவாக 'சார்னி'. இங்கிலாந்தின் வடபகுதியில் 'பட்டி', அதாவது வெண்ணெய் தடவியது. அங்கே உருளைக்கிழங்கு வறுவலை பிரெட்டுக்கு நடுவே அடுக்கி, 'சிப் பட்டி' என்று சாப்பிடுவார்கள். மாவுக்குள் மாவு வைத்துச் சாப்பிடுவதா என்று தோன்றும். குளிர்காலத்தில் ஒரு தடவை சுடச்சுடச் சாப்பிட்டுப் பார்த்தால் அந்தக் கேள்வி போய்விடும். ஸ்காட்லாந்தில் வெறும் 'பீஸ்' என்பார்கள்.

பெயர் வந்த கதை

ரொட்டிக்கு நடுவே எதையாவது வைத்துச் சாப்பிடலாம் என்பதை யாரும் உட்கார்ந்து கண்டுபிடிக்கத் தேவையில்லை. ரொட்டி சாப்பிடும் எல்லா ஊரிலும் அது தானாக நடந்திருக்கும். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத குரு ஹில்லெல், பாஸ்கா விருந்தில் ஆட்டிறைச்சியையும் கசப்புக் கீரையையும் புளிக்காத ரொட்டியோடு சேர்த்துச் சாப்பிட்டார் என்று யூத மரபு சொல்கிறது. அவர் நினைவாக அந்த விருந்தில் இன்றும் அப்படி ஒரு கவளம் சாப்பிடுகிறார்கள். பிரிட்டன் இதற்குக் கொடுத்தது பெயர். அப்புறம், இதையே ஒரு நேரச் சாப்பாடாக்கிய பழக்கம்.

பெயர் ஒரு ஊரின் பெயர். தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் சாண்ட்விச் என்று ஒரு பழைய துறைமுக ஊர் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'மணல் மேல் இருக்கும் ஊர்' என்பது போன்ற பொருள். அந்த மணலே சேர்ந்து சேர்ந்து துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது. கடல் இப்போது ஊரைவிட்டு விலகிப் போய்விட்டது. பக்கத்தில் ஹாம் என்று ஒரு குக்கிராமமும் உண்டு. ஹாம் என்றால் பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சியும்தான். இரண்டு ஊருக்கும் வழிகாட்டும் பலகையில் மேலே 'ஹாம்', கீழே 'சாண்ட்விச்' என்று இருப்பதைப் படம் பிடிக்கவே ஆட்கள் அங்கே போகிறார்கள்.

இந்த ஊரின் பெயரால் 1660-இல் ஒரு பிரபுப் பட்டம் உண்டானது. அந்தப் பரம்பரையில் நான்காவதாக வந்தவர் ஜான் மாண்டேகு, 1718-இல் பிறந்தவர். பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகத்தின் தலைமைப் பதவியில் மூன்று முறை இருந்தவர். கடலோடி ஜேம்ஸ் குக்குக்கு ஆதரவாக இருந்தார். அந்த நன்றியில்தான் குக் 1778-இல் ஹவாய்த் தீவுகளுக்கு சாண்ட்விச் தீவுகள் என்று பெயர் வைத்தார். தீவுகளின் பெயர் மாறிப்போயிற்று. ரொட்டியின் பெயர் நிலைத்துவிட்டது.

எல்லோருக்கும் தெரிந்த கதை சூதாட்டக் கதை. 1765-இல் லண்டனுக்கு வந்த குரோஸ்லே என்ற பிரெஞ்சுக்காரர் தன் பயணக் குறிப்பில் அதை எழுதினார். ஒரு மந்திரி 24 மணி நேரம் சீட்டாட்ட மேசையைவிட்டு எழுந்திருக்கவே இல்லையாம். வாட்டிய ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே கொஞ்சம் மாட்டிறைச்சியை வைத்து, ஆட்டத்தை நிறுத்தாமலே சாப்பிட்டாராம். அந்தப் புதுச் சாப்பாட்டுக்கு அவர் பெயரே வந்துவிட்டதாம். மாண்டேகுவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராட்ஜர் என்ற வரலாற்றாசிரியர் இதை அப்படியே ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் மாண்டேகுவுக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது, சீட்டு மேசையைவிட வேலை மேசையில்தான் அவர் இதைச் சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

எனக்கு ராட்ஜர் சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் எது உண்மையாக இருந்தாலும் ஒரு விஷயம் மாறவில்லை. ஒரு கை சும்மா இருக்க வேண்டும், விரலில் பிசுக்கு ஒட்டக் கூடாது, எழுந்து போகாமல் சாப்பிட்டு முடிக்க வேண்டும். சாண்ட்விச்சின் இலக்கணம் இந்த மூன்றும்தான். சீட்டாடுகிறவருக்கு அது தேவைப்பட்டது. கோப்பு பார்க்கிறவருக்கும் தேவைப்பட்டது.

எழுத்தில் இந்தச் சொல் சாப்பாட்டுப் பொருளில் முதன்முதலாகக் கிடைப்பது 1762 நவம்பர் 24-ஆம் தேதி. எழுதியவர் எட்வர்ட் கிப்பன். பிற்காலத்தில் ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய பெரிய வரலாற்றை எழுதியவர். லண்டனில் 'கோகோ ட்ரீ' என்ற மன்றத்தில் நாட்டின் பெரிய மனிதர்கள் இருபது முப்பது பேர் சின்னச் சின்ன மேசைகளில் உட்கார்ந்து, கொஞ்சம் குளிர்ந்த இறைச்சியோ ஒரு சாண்ட்விச்சோ சாப்பிடுவதைப் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சாண்ட்விச் என்றால் என்ன என்று அவர் விளக்கவில்லை. அப்போதே அது பழகிய சொல்லாகிவிட்டது என்று தெரிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். கிப்பன் பார்த்தது இரவுச் சாப்பாடு. சாண்ட்விச் மதியத்துக்காகப் பிறந்த உணவே இல்லை. அந்தக் காலத்தில் பெரிய வீடுகளில் முக்கியச் சாப்பாடு பிற்பகலில் நடக்கும், நடு இரவு வரை விழித்திருந்தால் பசிக்கும், அப்போதைக்கு இது. பிறகு அந்த முக்கியச் சாப்பாடு மெல்ல மெல்லத் தள்ளிப்போய் மாலைக்கும் இரவுக்கும் போய்ச் சேர்ந்தது. காலை உணவுக்கும் அதற்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் முளைத்ததுதான் 'லன்ச்'. இன்றைக்கும் வட இங்கிலாந்தில் வயதானவர்கள் மதியச் சாப்பாட்டை 'டின்னர்' என்றுதான் சொல்வார்கள். பழைய ஏற்பாட்டின் மிச்சம் அது.

பிரபு மேசையிலிருந்து தெருவுக்கு

ஒரு நூற்றாண்டு கூட ஆகவில்லை, சாண்ட்விச் தெருவுக்கு வந்துவிட்டது. ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டன் தெருவில் பிழைக்கிறவர்களிடம் நேரில் பேசி, 1851-இல் எழுதிய நூலில் ஹாம் சாண்ட்விச் விற்பவர்களையும் பதிவு செய்திருக்கிறார். வெள்ளைத் துணி மூடிய தட்டு, வெள்ளை முன்துணி, நாடக அரங்கு வாசலில் நிற்பார்கள், ஒன்று ஒரு பென்னி. வருடத்துக்கு 4,36,800 சாண்ட்விச் இப்படித் தெருவில் விற்றதாக அவர் கணக்குப் போட்டிருக்கிறார். அன்றைய பணத்தில் 1,820 பவுண்டு. அந்தப் பக்கங்களைப் படித்தால், விற்றவர்களின் கால்வலி தெரியும். வேறு வேலை கிடைக்காமல் இதற்கு வந்தவர்கள் உண்டு. விற்காமல் மிஞ்சியதைத் தாங்களே தின்று தீர்த்தவர்களும் உண்டு.

அதே நூற்றாண்டில் மேல்தட்டு வீடுகளில் மாலைத் தேநீரோடு வெள்ளரிக்காய் சாண்ட்விச் வந்தது. ஓரத்தை வெட்டி எறிந்த மெல்லிய வெள்ளை ரொட்டி, காகிதம் போல் சீவிய வெள்ளரிக்காய். பசிக்காகச் சாப்பிடுவது இல்லை அது. இன்னொரு கோடியில், இசபெல்லா பீட்டன் 1861-இல் வெளியிட்ட பிரபலமான வீட்டு நிர்வாக நூலில் 'டோஸ்ட் சாண்ட்விச்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே, வாட்டி ஆறவைத்த இன்னொரு ரொட்டித் துண்டு. உப்பும் மிளகும் போட்டுக்கொள்ளலாம். உடம்பு சரியில்லாதவர்களுக்கான பத்தியச் சாப்பாடாக எழுதியிருக்கிறார். 2011-இல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி என்ற வேதியியல் அமைப்பு இதைத் தூசி தட்டி எடுத்து, 7.5 பென்ஸில் முடிகிற இதுதான் நாட்டிலேயே மலிவான மதியச் சாப்பாடு என்று அறிவித்தது.

ஆனால் சாண்ட்விச் உண்மையில் எல்லோருடைய சாப்பாடாகவும் ஆனது உள்ளே வைக்கும் பொருளால் இல்லை, பிரெட்டால். இந்தப் பகுதியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் கதையின் நடுத்தூண்.

முழு ரொட்டியை வீட்டுக் கத்தியால் ஒரே கனத்தில் துண்டு போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மேலே மெல்லியதாக, கீழே தடியாகப் போகும். அமெரிக்காவில் ஓட்டோ ரோவெடர் என்பவர் செய்த இயந்திரம் துண்டு போட்ட பிரெட் 1928 ஜூலையில் மிசௌரி மாநிலத்தின் சில்லிகாத்தி என்ற சிற்றூரில் விற்பனைக்கு வந்தது. 1930-களில் பிரிட்டனுக்கும் வந்து சேர்ந்தது. பிறகு போர். கோதுமைக் கப்பல்களை நம்பியிருந்த நாடு தவிட்டையும் நிறையச் சேர்த்து அரைத்த மாவில் 'தேசிய ரொட்டி' என்று 1942-இல் ஒன்றைக் கொண்டுவந்தது. சாம்பல் நிறம், சொரசொரப்பு. ஜனங்களுக்குப் பிடிக்கவே இல்லை. துண்டு போட்டு விற்பதும் தடை செய்யப்பட்டு, 1950-இல்தான் திரும்பி வந்தது. பங்கீட்டுக் காலத்தில் பிரெட்டுக்கு நடுவே வைக்கவும் ஒன்றும் இருக்காது. பார்ஸ்னிப் என்ற வெள்ளைக் கிழங்கை வேகவைத்து மசித்து, வாழைப்பழ எசன்ஸ் விட்டு, 'வாழைப்பழ சாண்ட்விச்' என்று குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளில் பலர் அதுவரை வாழைப்பழத்தைக் கண்ணால் கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1961-இல் ஒரு திருப்பம். லண்டனுக்கு வடமேற்கே சோர்லிவுட் என்ற ஊரில் இருந்த ரொட்டித் தொழில் ஆராய்ச்சிக் கூடத்தில், மாவை மிக வேகமாக, பெரும் விசையோடு சில நிமிடங்களில் பிசைந்துவிடும் முறையை உருவாக்கினார்கள். அதுவரை மாவு மணிக்கணக்கில் புளித்துப் பொங்க வேண்டும். நல்ல பிரெட்டுக்குப் புரதம் மிகுந்த கனடா கோதுமை வேண்டும். புது முறையில் கொஞ்சம் கூடுதல் ஈஸ்ட், கொஞ்சம் கொழுப்பு, வைட்டமின் சி சேர்த்து வேகமாகப் பிசைந்தால் புரதம் குறைந்த உள்ளூர்க் கோதுமையே போதும். மாவிலிருந்து துண்டு போட்டுப் பொதிந்த பிரெட் வரை சுமார் மூன்றரை மணி நேரம். இன்று பிரிட்டனில் விற்கும் பிரெட்டில் பெரும்பகுதி இப்படித்தான் தயாராகிறது. கையால் செய்யும் ரொட்டிக்காரர்கள் இதைத் திட்டுவார்கள். ருசி போய்விட்டது என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் ஒரே சதுரம், ஒரே கனம், பஞ்சு மாதிரி மென்மை, மலிவு விலை: இந்த பிரெட் இல்லாமல் இன்றைய சாண்ட்விச் இல்லை.

1980-இல் நடந்தது

போருக்குப் பின் பல வருடங்கள் வெளியில் சாண்ட்விச் வாங்கிச் சாப்பிடுவது ஒரு கடைசி வழிதான். அதிலும் நாட்டுடைமையாக்கப்பட்ட ரயில்வேயின் சாண்ட்விச் கேலிக்கே பேர்போனது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஓரம் காய்ந்து, மேல்நோக்கிச் சுருண்டு கிடக்கும். வீட்டில் கட்டிக்கொண்டு வந்ததைத்தான் ஜனங்கள் நம்பினார்கள்.

1980 வசந்தகாலத்தில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் தன் சில கடைகளில் பொதிந்த சாண்ட்விச்சை அலமாரியில் வைத்தது. முக்கோணமாக வெட்டி, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, மற்றச் சாமான்களோடு சாமானாக. விலை 43 பென்ஸில் ஆரம்பம். வீட்டிலேயே இரண்டு நிமிடத்தில் செய்துகொள்ளக்கூடிய ஒன்றை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அன்று பலர் நினைத்திருக்கிறார்கள். நம் ஊரில் தண்ணீர் பாட்டில் வந்தபோது சொன்ன அதே பேச்சு. வாங்கினார்கள். அடுத்த வருடமே வந்த இறால் மயோனைஸ் சாண்ட்விச் இன்றுவரை அந்தக் கடையின் அடையாளம். மற்றப் பெரிய கடைகளும் இறங்கின. 1986-இல் ஜூலியன் மெட்கால்ஃப், சின்க்ளேர் பீச்சம் என்ற இரண்டு நண்பர்கள் லண்டன் விக்டோரியா தெருவில் 'பிரெட் எ மான்ஜே' கடையைத் திறந்தார்கள்; அன்றாடம் கடையிலேயே செய்வோம் என்பது அவர்கள் வாக்கு. நாட்டிங்ஹாம்ஷயரில் வொர்க்சாப் என்ற ஊருக்குப் பக்கத்தில் சாண்ட்விச் மட்டுமே செய்கிற பிரம்மாண்டமான தொழிற்சாலை இருக்கிறது. அங்கே இராப்பகலாகச் செய்து, குளிர் லாரிகளில் விடிவதற்குள் ஊர் ஊராகப் போய்விடும்.

முக்கோணம் ஏன் என்று கேட்கலாம். சதுரத்தை நேராக வெட்டினால் வெட்டுமுகம் பக்கத்தின் நீளம்தான். மூலைக்கு மூலை வெட்டினால் அது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அந்த நீள முகத்தைக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்குக்குப் பின்னால் நிறுத்தினால் உள்ளே என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். கடித்துத் தொடங்க ஒரு கூர்முனையும் கிடைக்கிறது.

இப்போது வெண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். சாண்ட்விச்சுக்கு எதிரி ஈரம். தக்காளி, வெள்ளரிக்காய், இறால் எல்லாமே தண்ணீர் விடும். பிரெட் பஞ்சு, உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலை ஆறு மணிக்குச் செய்தது மதியம் ஒரு மணிக்குக் கூழாகிவிடும். வெண்ணெய் என்பது கொழுப்பு; தண்ணீரை உள்ளே விடாது. பிரெட்டின் முகம் முழுக்க மெழுகியது போல் ஒரு படலம் இருந்தால் ஈரம் பிரெட்டுக்குள் இறங்காது. ஓரத்தில் ஒரு விரலளவு விட்டுவிட்டால் அந்த வழியாக இறங்கிவிடும். கடைக்கார அம்மா சொன்னது இதைத்தான். ஒரு நாள் அவசரத்தில் நான் ஓரம் விட்டுச் செய்த தக்காளி சாண்ட்விச்சை மதியம் ஒரு வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தார். கீழ்த் துண்டு தாளோடு ஒட்டிப் பிய்ந்து வந்தது. அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று. அதன் பிறகு ஓரத்தை விட்டதே இல்லை. மயோனைஸும் எண்ணெய்தான் என்பதால் இதே வேலையைச் செய்யும். பாலாடைக்கட்டித் துண்டை பிரெட்டை ஒட்டி வைத்து, தக்காளியை அதற்கும் கீரைக்கும் நடுவே வைப்பதும் இந்தக் கணக்குத்தான்.

இரண்டாவது எதிரி குளிர்சாதனப் பெட்டி. பிரெட் காய்வதால் மட்டும் விறைப்பதில்லை. அடுப்பில் வெந்து இளகிய மாவுச்சத்து ஆறியதும் மறுபடி இறுக ஆரம்பிக்கிறது. பழைய இட்லி கல்லாகிப் போவதும் இதனால்தான். உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே, நம் ஃப்ரிட்ஜ் இருக்கும் அதே குளிரில்தான் இது மிக வேகமாக நடக்கிறது. ஆனால் கோழிக்கறியும் முட்டையும் வைத்த சாண்ட்விச்சைக் கிருமி பெருகாமல் காக்க வேண்டுமானால் குளிரில்தான் வைத்தாக வேண்டும். இங்கிலாந்தில் சட்டப்படி 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. பாதுகாப்புக்கு ஏற்ற குளிரே பிரெட்டைக் கெடுக்கிறது. கடை சாண்ட்விச்சின் பிரெட் சில்லென்று, கொஞ்சம் ரப்பர் மாதிரி இருப்பது இதனால்தான். வாங்கியவுடன் கடிக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியில் வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

உள்ளே என்ன?

கடைகளில் அதிகம் விற்பது கோழிக்கறி வகைகள். வீட்டில் செய்வதில் பாலாடைக்கட்டி, அதாவது செடார் சீஸ், எப்போதும் முன்னணியில். சீஸோடு 'பிக்கிள்' வைப்பார்கள். இது நம் ஊறுகாய் இல்லை. கேரட், காலிஃபிளவர், வெங்காயம் போன்றவற்றைப் பொடியாக வெட்டி, வினிகரிலும் சர்க்கரையிலும் மசாலாவிலும் ஊறவைத்த பழுப்பு நிறக் கூழ். இனிப்பும் புளிப்புமாக இருக்கும். இதில் பிரபலமான பிரான்ஸ்டன், 1922-இல் அதே பெயருள்ள ஊரில் தயாராக ஆரம்பித்தது.

'கரோனேஷன் சிக்கன்' என்ற சாண்ட்விச் மஞ்சளாக இருக்கும். வாசனையிலேயே நமக்குத் தெரிந்துவிடும். 1953 ஜூனில் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது வெளிநாட்டு விருந்தினர் நூற்றுக்கணக்கானோருக்குச் சாப்பாடு போட வேண்டியிருந்தது. முன்கூட்டியே செய்து ஆறவைத்துப் பரிமாறக்கூடியதாக இருக்க வேண்டும். கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையோடு சேர்ந்து சமையல் பள்ளி நடத்திவந்த ரோஸ்மேரி ஹியூம், வேகவைத்த கோழிக்கறியை மயோனைஸ், ஆப்ரிகாட் பழக்கூழ், கறிப்பொடி எல்லாம் சேர்த்த குழம்பில் புரட்டி எடுத்தார். அன்று அது அரிசியோடு தட்டில் வந்தது. பிரெட்டுக்குள் போனது பிறகு. 'கறி' என்ற நம் சொல் ஆங்கிலேயர் வாயில் போய், பொடியாகி, டப்பாவில் அடைபட்டு, கடைசியில் சாண்ட்விச்சுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது மட்டும்தான் சாண்ட்விச் பற்றி மேலும் இரண்டு கேள்வி கேட்டார்.

இவ்வளவு பிரபலமாக இருப்பதற்கு ருசி மட்டும் காரணம் இல்லை. விலையும் நேரமும்தான் பெரிய காரணம். சாண்ட்விச், ஒரு பாக்கெட் சிப்ஸ் அல்லது பழம், ஒரு குளிர்பானம் மூன்றும் சேர்த்து ஒரே விலை என்பதை இங்கே 'மீல் டீல்' என்பார்கள். டெஸ்கோ கடையில் இது பல வருடம் 3 பவுண்டிலேயே நின்றது. 2022 அக்டோபரில், கடையின் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்களுக்கே 3.40 ஆனபோது செய்தித்தாள்களில் தலைப்புச் செய்தி. நம் ஊரில் டீ விலை ஏறினால் பேசிக்கொள்வது போல அலுவலகங்களில் பேசிக்கொண்டார்கள். வரியும் உண்டு: குளிர்ந்த சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டு போனால் வாட் வரி இல்லை; அதையே கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 20 சதவீதம். சாப்பாட்டை மேசைக்கு எடுத்துப் போய்க் கணினி முன்னால் சாப்பிட ஆட்களுக்கு இதுவும் ஒரு தூண்டுதல். இதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. மாண்டேகு எழுந்திருக்க மனமில்லாமல் மேசையில் சாப்பிட்டார். இங்கே பலர் எழுந்திருக்க நேரமில்லாமல் சாப்பிடுகிறார்கள்.

பொதிந்த சாப்பாட்டில் ஒரு ஆபத்தும் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பது செய்தவருக்கு மட்டும்தான் தெரியும். 2016-இல் நடாஷா என்ற 15 வயதுப் பெண், விமான நிலையத்தில் வாங்கிய பேகெட்டைச் சாப்பிட்டு ஒவ்வாமையால் இறந்துபோனாள். மாவிலேயே எள் கலந்திருந்தது. அது உறையில் எழுதப்படவில்லை. கடையிலேயே செய்து பொதிந்தால் முழு விவரம் எழுதத் தேவையில்லை என்று அப்போது விதி இருந்தது. பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2021 அக்டோபர் 1 முதல் அப்படிப் பொதிந்த உணவிலும் எல்லாப் பொருட்களையும் எழுதி, ஒவ்வாமை தரக்கூடியவற்றைத் தனித்துக் காட்ட வேண்டும். அதை 'நடாஷா சட்டம்' என்றே சொல்கிறார்கள். எள்ளும் நிலக்கடலையும் நம் சமையலிலும் நிறைய என்பதால், இங்கே வந்து உணவுக் கடை வைக்கும் நம்மவர்கள் இந்தச் சட்டத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு, முதல் சாண்ட்விச்சாகக் கடைக் குளிர்பெட்டியிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம் என்பேன். வீட்டில் செய்து பாருங்கள். நல்ல வெள்ளை பிரெட் இரண்டு துண்டு. வெண்ணெயைக் கொஞ்சம் முன்னாலேயே வெளியே எடுத்து இளகவிடுங்கள். இல்லாவிட்டால் தடவும்போது பிரெட் கிழியும். இரண்டு துண்டிலும் ஓரம் வரை தடவுங்கள். நன்றாக முதிர்ந்த செடாரைக் கால் அங்குல கனத்துக்கு வெட்டி ஒரு துண்டின் மேல் இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். அதன் மேல் ஒரு கரண்டி பிக்கிள், மற்றத் துண்டு மேலே. உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, ரம்பப் பல் உள்ள கத்தியால் மூலைக்கு மூலை அறுங்கள். அழுத்தி வெட்டினால் பிதுங்கும். பக்கத்தில் பால் விட்ட டீ. சைவக்காரர்கள் சீஸ் உறையில் 'வெஜிடேரியன்' என்று இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்று நொதியைச் சேர்ப்பதும் உண்டு.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் கடைக்குப் போங்கள். அன்றே காலாவதியாகும் சாண்ட்விச்களில் மஞ்சள் சீட்டு ஒட்டி, விலையைக் குறைத்து வைப்பார்கள். ஏழு மணிக்கு மேல் அந்த அலமாரி முன்னால் மாணவர்கள் கூட்டம் நிற்கும். நானும் நின்றிருக்கிறேன். அங்கே முட்டையும் கிரெஸ் என்ற பிஞ்சுக் கீரையும் வைத்தது கிடைத்தால் எடுங்கள். காலையில் யாரோ ஐந்து டஜன் முட்டை உரித்திருப்பார்கள்.